இன்னொரு என்ஜின் நின்ற பிறகு: சிறு விமானங்களில் எச்.பி. கூட்டும் கணக்கு

இரட்டை என்ஜின் சிறு விமானத்தில் பழைய என்ஜின்களைக் கழற்றிவிட்டு இன்னும் சக்தியுள்ளதைப் பொருத்துவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கிற தனித்தொழில். விமானத்தைத் தயாரித்த கம்பெனி இதைச் செய்வது அபூர்வம். வெளியே இருக்கும் சிறிய பட்டறைகள்தான் மாற்றத்தை வடிவமைத்து, பறந்து காட்டி, அரசிடம் துணைச் சான்றிதழ் வாங்கி, அந்த மாடல் வைத்திருக்கும் எல்லாருக்கும் விற்கும். பைப்பர் அப்பாச்சிக்கு டெக்சஸில் செகின் ஏவியேஷன் செய்த 'ஜெரோனிமோ', ட்வின் கொமாஞ்சிக்கு மில்லர் பொருத்திய 200 எச்.பி. என்ஜின்கள், பீச் பேரனுக்கும் செஸ்னா 310-க்கும் நாஷ்வில்லில் கோல்மில் செய்தவை என்று இதற்கு ஒரு வம்சாவளியே உண்டு.

இந்த மாற்றங்களைப் பற்றிய விளம்பரங்கள், பழைய பத்திரிகைக் கட்டுரைகள், விமானக் கையேடுகள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. எல்லாரும் முதலில் சொல்வது பயண வேகம். அடுத்து, இரண்டு என்ஜினும் ஓடும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறும் என்பது. ஒரு என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பது அட்டவணையில் எங்கோ கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும். சில கட்டுரைகளில் அதுவும் இல்லை. என் கட்சி என்னவென்றால், அந்தக் கடைசி வரிசை ஒன்றுக்காகத்தான் இந்தச் செலவைச் செய்யலாம். மற்றதெல்லாம் இனாம். அதுவும் எல்லா இனாமும் நல்ல இனாம் இல்லை.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

பைப்பர் பி.ஏ.-34-200, அதாவது முதல் செனெகா. 1972-ல் வந்தது. இரண்டு லைகமிங் என்ஜின், ஒவ்வொன்றும் 200 எச்.பி. உச்ச எடை 4,200 பவுண்ட். கடல்மட்டத்தில் இரண்டு என்ஜினோடு நிமிடத்துக்குச் சுமார் 1,360 அடி ஏறும். ஒன்று நின்றால் சுமார் 190 அடி. பாதி சக்திதான் போனது, ஆனால் ஏறும் திறனில் 86 சதவீதம் போய்விட்டது. முதல்முறை இதைப் பார்க்கிறவர்களுக்கு அச்சுப்பிழை மாதிரி இருக்கும். இல்லை.

ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்ட். 4,200 பவுண்டை நிமிடத்துக்கு 1,360 அடி தூக்க 173 எச்.பி. வேண்டும். இரண்டு என்ஜினும் சேர்ந்து 400 கொடுத்தாலும், புரொபெல்லர் அதில் முக்கால் பங்கைத்தான் காற்றில் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொள்வோம். ஆக 300. மேலே ஏறுவதற்கு 173 போனால் மிச்சம் 127. அந்த 127 எங்கே போகிறது? ஏறாமல் இறங்காமல் சும்மா காற்றில் நிற்பதற்கு. விமானம் காற்றுக்குக் கட்டும் வாடகை என்று சொல்லலாம். ஒரு என்ஜின் நின்றால் வருமானம் 300-லிருந்து 150 ஆகும், வாடகை குறையாது. கையில் மிஞ்சுவது 23. அதை வைத்து 4,200 பவுண்டைத் தூக்கினால் நிமிடத்துக்கு 181 அடி. கையேடு சொல்வது 190. நின்றுபோன புரொபெல்லரின் இழுவை, ஒருக்களித்துப் பறப்பதன் இழுவை, மாறிய வேகம் எல்லாவற்றையும் நான் விட்டுவிட்டேன். அவை ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொண்டதால்தான் விடை இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது. ஆனாலும் கணக்கின் உருவம் சரிதான்.

எங்கள் தொழிலில் இதற்கு நேர் உதாரணம் உண்டு. இரண்டு சர்வர் வைத்திருக்கிறோம், ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டும் தலா 70 சதவீதச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று போனால் மற்றதன் தலையில் 140 விழும், அடுத்த நிமிடம் அதுவும் படுக்கும். காகிதத்தில் மாற்று ஏற்பாடு, நடைமுறையில் பழுதாக இரண்டு இடம். விமானிகளிடையே ஒரு பழைய கேலி உண்டு: இரண்டாவது என்ஜின் இருப்பது விபத்து நடக்கும் இடம் வரை கூட்டிக்கொண்டு போக. கொஞ்சம் அநியாயமான கேலிதான். ஆனால் அந்த 23 எச்.பி.யைப் பார்த்த பிறகு முழுக்க அநியாயம் என்று சொல்ல மனசு வரவில்லை.

இப்போது எச்.பி. கூட்டுவோம். என்ஜினுக்கு 20, அதாவது பத்து சதவீதம். இரண்டும் ஓடும்போது 300 என்பது 330 ஆகும். ஏற்றம் 1,360-லிருந்து 1,595-க்குப் போகும். 17 சதவீத லாபம், மோசமில்லை. ஒரு என்ஜினில்? 165-ல் 127 போனால் 38. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 300 அடி. 181 எங்கே, 300 எங்கே! 65 சதவீத லாபம். பத்து சதவீத சக்திக்கு இவ்வளவு பலன் விமானத்தில் வேறெங்கும் கிடைக்காது. மிச்சம் சிறிதாக இருக்கும்போது சின்னச் சம்பள உயர்வுகூடப் பெரிதாகத் தெரியும், அதே கதை.

இந்த இடத்தில்தான் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து காரியத்தைக் கெடுக்கிறார்கள். சக்தி கூடியதும் உச்ச எடையையும் கூட்டிக்கொள்ளலாம் என்று ஆசை வரும். பெரிய என்ஜின் கனம், அது குடிக்கும் பெட்ரோல் கனம், கூடவே இன்னொரு ஆளும் பெட்டியும் ஏற்றலாம் என்ற கணக்கு. 300 பவுண்ட் கூட்டினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் வேகத்தில் மொத்த இழுவையில் பாதி, எடையைத் தாங்குவதால் வருவது என்று கொண்டால், வாடகை 127-லிருந்து சுமார் 136 ஆகிறது. 165-ல் மிச்சம் 29. அதை வைத்து 4,500 பவுண்டைத் தூக்கினால் நிமிடத்துக்கு 213 அடி. சம்பாதித்த 118 அடியில் 86 போச்சு. விளம்பரத்தில் இது 'சுமக்கும் திறன் அதிகம்' என்று ஒரு வரியாக வரும். எதை விற்று அதை வாங்கினோம் என்பது வராது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. இந்த விமானங்கள் சான்றிதழ் பெற்ற காலத்து அமெரிக்க விதிப்படி, எடை 6,000 பவுண்டுக்குள் இருந்து, ஸ்டால் வேகமும் 61 நாட்டுக்குள் இருந்தால், ஒரு என்ஜினில் ஏறியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எவ்வளவு ஏறும் அல்லது எவ்வளவு இறங்கும் என்று அளந்து கையேட்டில் எழுதினால் போதும். மேலே சொன்ன அப்பாச்சி, ட்வின் கொமாஞ்சி, செனெகா எல்லாம் இந்த வரம்புக்குள் வருபவை. 'இரட்டை என்ஜின்' என்ற பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருப்பதாக வாங்குகிறவர் நினைக்கிறார். சட்டம் அப்படி எதையும் வாக்களிக்கவே இல்லை. மெதுவாக இறங்கும் சிறிய விமானம், ஒற்றை என்ஜின் விமானம் போலவே வயலில் இறங்கித் தப்பலாம் என்பது அதன் பின்னுள்ள நியாயம். நியாயம் தப்பில்லை. ஆனால் அதை வாங்குபவருக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, எடையைக் கூட்டாமல் எச்.பி. மட்டும் கூட்டினால் எல்லாம் சுபமா? இல்லை. இங்கே ட்வின் கொமாஞ்சிக்கு வருவோம்.

எட் ஸ்வேரிங்கன் பங்களிப்பில் உருவான அழகான விமானம் அது. ஒற்றை என்ஜின் கொமாஞ்சியின் உடலை எடுத்து, இறக்கைகளில் தலா 160 எச்.பி. லைகமிங் பொருத்தி, 1963-லிருந்து 1972 வரை பைப்பர் தயாரித்தது. குறைந்த பெட்ரோலில் மணிக்கு 194 மைல். இன்றைக்கும் இதைப் பற்றிப் பேசும் ஆட்களின் குரல் மாறிவிடும். ஆனால் அறுபதுகளின் பிற்பாதியில் பயிற்சிப் பறத்தலில் இந்த விமானம் பலரைக் கொன்றது. காரணம் வி.எம்.சி. என்று விமானிகள் சொல்லும் ஒரு வேகம்.

ஒரு பக்க என்ஜின் நின்று மறுபக்கம் முழுச் சக்தியில் ஓடும்போது, விமானம் நின்ற பக்கமாகத் திரும்பப் பார்க்கும். வாலில் உள்ள ரட்டரைக் காலால் அழுத்தி அதைத் தடுக்கவேண்டும். ரட்டரின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் ரட்டரை முழுசாக மிதித்தாலும் போதாது. விமானம் திரும்பி, உருண்டு, தலைகீழாகும். அந்த எல்லைதான் வி.எம்.சி. வேகமானியில் சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். ட்வின் கொமாஞ்சிக்கு முதலில் மணிக்கு 80 மைல் என்று இருந்தது. அது ஸ்டால் வேகத்துக்கு மிக அருகில். பயிற்சியில் ஒரு என்ஜினை அணைத்துவிட்டு அந்தக் கோடு வரை வேகத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். ரட்டர் தோற்பதும் இறக்கை ஸ்டால் ஆவதும் ஒரே நொடியில் நடந்தால் அது சுழல் வீழ்ச்சி. கடைசியில் அந்த எண்ணை 90 மைல் ஆக்கினார்கள். இறக்கையில் ஸ்டால் பட்டைகளும் வந்தன. 1970-ல் வந்த பி.ஏ.-39-ல் இரண்டு புரொபெல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்றின.

இப்போது இதே விமானத்தில் 160-ஐ எடுத்துவிட்டு 200 பொருத்துகிறோம். சக்தி 25 சதவீதம் அதிகம். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத்தின் திருப்பும் விசையும் அந்த அளவு அதிகம். ரட்டர் அதே ரட்டர். உந்துவிசை அப்படியே 25 சதவீதம் கூடினால் வி.எம்.சி. 12 சதவீதம் ஏறும்; வேகம் கூடும்போது புரொபெல்லரின் உந்துவிசை குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் 8 சதவீதம். 90 மைல் என்பது 97-லிருந்து 101-க்குள் எங்கோ போய் நிற்கும். இது காகித ஓரத்தில் போட்ட கணக்கு. அந்தந்த மாற்றத்தின் கையேட்டுப் பின்னிணைப்பில் இருப்பதுதான் பறப்பவருக்குச் செல்லும். ஆனால் எந்தப் பக்கம் நகரும் என்பதில் சந்தேகமில்லை. தரையை விட்டு எழும்பும் வேகத்தையும் அதற்கேற்ப ஏற்றவேண்டும். அதிகச் சக்தி சீக்கிரம் வேகமெடுக்க வைக்கும்தான். எழும்பவேண்டிய வேகமும் கூடுவதால் ஓடுபாதையில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும். பழக்கதோஷத்தில் பழைய வேகத்திலேயே தூக்குகிற விமானிக்கு, என்ஜின் மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட இப்போது ஆபத்து அதிகம். மாற்றத்தோடு விமானியின் காலையும் மாற்றிப் பழக்கவேண்டும். அந்தப் பயிற்சிச் செலவை நான் பார்த்த எந்த விலைப்பட்டியலிலும் காணோம்.

பயண வேகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம், அதுதானே முதல் வரி விளம்பரம். வேகம் சக்தியின் கனமூலத்தில் கூடும். 25 சதவீத சக்திக்கு 8 சதவீத வேகம்கூட முழுசாக வராது. 194 என்பது 209 ஆகும். 500 மைல் பயணத்தில் மிச்சம் 11 நிமிடம். அதற்கு ஏழெட்டு காலன் பெட்ரோல் அதிகம். ட்வின் கொமாஞ்சியின் சாதாரணத் தொட்டிகளில் பயன்படுத்தக்கூடியது 84 காலன். முன்பு சுமார் 930 மைல் போனது இப்போது 800-க்குள் தட்டும். இறக்கை நுனியில் கூடுதல் தொட்டி வைத்தால் திரும்பக் கிடைக்கும், அதுவும் எடை.

இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் சொல்லாத பதில். 160 எச்.பி.யில் 75 சதவீதம் என்றால் 120. 200-ல் 60 சதவீதம் என்றாலும் 120. அதாவது பெரிய என்ஜினை அடக்கி ஓட்டினால் பழைய வேகம், ஏறக்குறைய பழைய செலவு, என்ஜினுக்கும் நிம்மதி. கூடுதல் 40 எச்.பி. சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும். மறுபக்கம் நின்றுபோகும் அந்த ஒரு நாளில் எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஓட்டுகிறவருக்கு மில்லர் மாதிரியான மாற்றம் நியாயமான பேரம் என்றே நினைக்கிறேன். 11 நிமிடத்துக்காக வாங்குகிறவருக்கு இல்லை.

எச்.பி.யைக் கூட்டாமலே செய்த ஓர் உயர்த்தலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. 1975-ல் வந்த செனெகா-2. பைப்பரே செய்தது. லைகமிங்கை எடுத்துவிட்டு கான்டினென்டல் டி.எஸ்.ஐ.ஓ.-360. அதே 200 எச்.பி.தான், ஆனால் டர்போ. கடல்மட்டத்தில் ஒற்றை என்ஜின் ஏற்றம் சுமார் 190-லிருந்து 225 அடி. இதற்காக யாரும் பட்டாசு வெடிக்கமாட்டார்கள். ஒற்றை என்ஜினில் நிலைத்து நிற்கக்கூடிய உயரத்தைப் பாருங்கள்: முதல் செனெகாவுக்குச் சுமார் 3,650 அடி, செனெகா-2-க்குச் சுமார் 13,400 அடி. டென்வர் அருகே சென்டெனியல் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,885 அடியில் இருக்கிறது. வெயில் 30 டிகிரி என்றால் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 9,000 அடியில் இருப்பதைப் போல இருக்கும். முழு எடையில் கிளம்பிய முதல் செனெகாவில் அங்கே ஒரு என்ஜின் நின்றால், மற்றது கொடுக்கும் முக்கால் பங்கு சக்தி வாடகைக்கே பத்தாது. கீழே போவதைத் தவிர வழியில்லை. செனெகா-2 மெதுவாக ஏறும். விளம்பரப் பலகையில் இரண்டு விமானத்துக்கும் ஒரே எண், 200 எச்.பி. இதனால்தான் எச்.பி. என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது வீண் என்கிறேன். எந்த உயரத்தில், எந்த வெயிலில் என்று கேட்கவேண்டும்.

உச்ச எடையை 4,200-லிருந்து 4,570 ஆக்கியும் கடல்மட்ட ஏற்றம் குறையவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். என் வாடகைக் கணக்கில் இது வராது. என்ஜின் மூடிகளையும் அவர்கள் புதிதாக வடிவமைத்தார்கள். 'என்ஜின் மாற்றம்' என்று பேர் வைத்து விற்கப்படும் பலதில் உண்மையான வேலையில் ஒரு பங்கு இழுவையைக் குறைப்பதுதான். ஜெரோனிமோகூட அப்படியே. 150 எச்.பி. என்ஜின்களுக்குப் பதில் 180 என்பது தலைப்பு. மூக்கு, வால் என்று உடம்பில் செய்த திருத்தங்கள் அதன் அடியில்.

செனெகா-2-க்கு விலை என்ன? நான்கு சிலிண்டர் லைகமிங் போய் ஆறு சிலிண்டர். மொத்தம் எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில் பன்னிரண்டு. டர்போவின் சூடு. ஆரம்பத்தில் 1,400 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பிரிப்பு வேலை. இதெல்லாம் பணம், சமாளிக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. டர்போவைக் கடந்து புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட் இந்த என்ஜினில் நிலையாகப் பொருத்தப்பட்டது, தானாகச் சரிசெய்யாது. உள்ளிழு அழுத்தம் 40 அங்குலத்தைத் தாண்டாமல் விமானிதான் திராட்டிலைப் பார்த்துப் பார்த்துத் தள்ளவேண்டும். தரைக்கருகே முழுசாகத் தள்ளினால் என்ஜினுக்குத் தாங்காத அழுத்தம். எழும்பின பத்தாவது நொடியில் ஒரு என்ஜின் நிற்கிறது. பாடப்புத்தகம் சொல்லும் முதல் வேலை எல்லா லீவரையும் முன்னே தள்ளு என்பது. கை தள்ளும். உயிர்காக்கவேண்டிய ஒரே என்ஜினைத் தன் கையாலேயே வதைக்கிறார். அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடும் வால்வு ஒன்று உண்டு என்பது ஆறுதல். தானியங்கி வேஸ்ட்கேட்டையும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பிறகு வெளிக் கம்பெனிகள்தான் விற்றன. என்னைக் கேட்டால் இந்த விமானத்துக்குச் செய்யவேண்டிய முதல் உயர்த்தல் அந்த வேஸ்ட்கேட். வேகம் ஒரு மைல்கூடக் கூடாது, பரவாயில்லை.

என்ஜினின் இனமே மாறிய கதை ஒன்றும் உண்டு. ஆஸ்திரியாவின் டயமண்ட் டி.ஏ.42. முதலில் தீலர்ட் கம்பெனியின் சென்சூரியன் டீசல், 135 எச்.பி., மெர்சிடிஸ் காரின் என்ஜினை அடிப்படையாகக் கொண்டது. விமானப் பெட்ரோல் கிடைக்காத ஊரிலும் ஜெட் எரிபொருளில் ஓடும், குறைவாகக் குடிக்கும். நம்மூரில் அமேதி பயிற்சி நிலையம் வரை டி.ஏ.42 வந்ததற்கு இந்த எரிபொருள் விஷயம் சின்னக் காரணமாக இருக்கமுடியாது. 2008 ஏப்ரலில் தீலர்ட் திவாலானது. உதிரிபாகமும் உத்தரவாதமும் ஒரே கம்பெனியை நம்பியிருந்தவர்கள் விமானத்தைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். டயமண்ட் தன் பங்கில் ஆஸ்ட்ரோ என்ஜின் என்று தனிக் கம்பெனி வைத்து 168 எச்.பி. ஏ.இ.300-ஐக் கொண்டுவந்தது. 2009-ல் அதோடு டி.ஏ.42 என்.ஜி. வந்தது.

எடைக் கணக்கு இங்கே சுவாரசியம். புது என்ஜின் ஒவ்வொன்றும் பழையதைவிடச் சுமார் 50 கிலோ கனம். உச்ச எடையை 1,785-லிருந்து 1,900 கிலோ ஆக்கினார்கள். கூட்டிய 115 கிலோவில் நூறு என்ஜினுக்கே போய்விட்டது. பயணிக்கும் பெட்டிக்கும் கிடைத்தது ஒரு சின்னப் பையன் எடைகூட இல்லை. அப்படியும் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி 17 சதவீதம் கூடியிருக்கிறது. அதனால் என்.ஜி.யை நான் நல்ல உயர்த்தல் பட்டியலில்தான் வைப்பேன். சுமக்கும் திறனைத் தியாகம் செய்து ஒற்றை என்ஜின் மிச்சத்தைக் கூட்டினார்கள், தலைகீழாகச் செய்யவில்லை.

ஆனால் இனம் மாறும்போது எச்.பி. அட்டவணையில் வராத ஒன்று மாறுகிறது. பழைய லைகமிங்கில் தீப்பொறியை மேக்னெட்டோ தானே உண்டாக்கும். பேட்டரியைக் கழற்றி வெளியே வீசினாலும் என்ஜின் ஓடும். இரண்டு என்ஜினுக்கும் பொதுவானது என்று பெட்ரோலையும் விமானியையும் தவிர அதிகம் இல்லை. புது டீசலை ஓட்டுவது கணினி. 2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் ஸ்பையர் விமானத் தளத்தில், பேட்டரி இறங்கிப்போன ஒரு டி.ஏ.42-ஐ வெளி மின்சாரம் கொடுத்துக் கிளப்பினார்கள். இரண்டாவது என்ஜினை விமானத்தின் சொந்த மின்சாரத்தில் கிளப்பவேண்டும் என்பது கையேட்டு முறை. இரண்டையும் வெளி மின்சாரத்திலேயே கிளப்பிவிட்டார்கள். ஓடியது, எழும்பியது. சக்கரத்தை உள்ளே இழுக்கும் மோட்டார் மின்சாரத்தைக் குடித்தது, மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது, என்ஜின் கணினிகள் ரீபூட் ஆயின. இரண்டு என்ஜினும் ஒன்றாக நின்றன. விமானம் ஓடுபாதைக்கு அப்பால் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஒவ்வொரு என்ஜினுக்கும் இரண்டு கணினி, ஆக நான்கு. நான்குக்கும் ஆதாரம் ஒரே மின்சுற்று. இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். எங்கள் ஆட்களும் இதையேதான் வரைவார்கள்: அழகாக நான்கு பெட்டி, நான்கிலிருந்தும் கீழே ஒரே கோடு. பிறகு கணினிகளுக்குத் தனி உபரி பேட்டரி கொடுத்துச் சரிசெய்தார்கள். சரியான திருத்தம். மேக்னெட்டோ காலத்தில் இப்படி ஒரு திருத்தமே தேவைப்பட்டிருக்காது என்பதையும் கணக்கில் எழுதிவைக்கவேண்டும். 17 சதவீதத்தோடு சேர்த்துத்தான் இதையும் எடைபோடமுடியும். எனக்கு இன்றைய உபரி பேட்டரியோடு கூடிய டி.ஏ.42 என்.ஜி. போதுமான பேரமாகத் தெரிகிறது. 2007-ல் கேட்டிருந்தால் கிழட்டு லைகமிங் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

வி.எம்.சி. தொல்லையே இல்லாத இரட்டை என்ஜின் உண்டா என்று கேட்டால், உண்டு. செஸ்னா ஸ்கைமாஸ்டர். 1963 வாக்கில் 336 என்று சக்கரம் மடங்காமல் வந்தது, 1965-லிருந்து 337. ஒரு என்ஜின் மூக்கில், இன்னொன்று முதுகுப்பக்கம். எது நின்றாலும் விமானம் ஒருபக்கமாகத் திரும்பாது. எச்.பி.யை எவ்வளவு கூட்டினாலும் சிவப்புக் கோடு நகரும் பிரச்சினை கிடையாது, மேலே போட்ட வாடகைக் கணக்கை மட்டும் பார்த்தால் போதும். இதில் வேறு மாதிரி வினை வந்தது. பின் என்ஜின் தரையிலேயே நின்றுபோனதை, முதுகுக்குப் பின்னால் இருப்பதாலும் காலுக்கு எந்தத் திருப்பமும் தெரியாததாலும், சிலர் கவனிக்காமல் முன் என்ஜினை மட்டும் வைத்துக்கொண்டே ஓடுபாதையில் கிளம்பினார்கள். ஒற்றை என்ஜினில் புறப்படாதீர்கள் என்று விமானியின் கண்ணுக்கு எதிரே ஓர் அட்டை ஒட்டச்சொல்லி அமெரிக்க விமான ஆணையம் உத்தரவு போடவேண்டி வந்தது.